செக் எஞ்சின் விளக்கும் நாக் சென்சாரும்: எஞ்சினைப் பிரிக்குமுன் பார்க்க வேண்டியவை

செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் மாட்டு வண்டி நின்ற களத்து மேட்டில் இன்று சிறிய நான்கு சக்கரச் சரக்கு வண்டி நிற்கிறது. செய்யூர், மதுராந்தகம் பகுதித் தர்பூசணியும், திருப்போரூர், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கீரையும் கத்தரியும் வெண்டையும் இரவில் ஏற்றப்பட்டு, விடிவதற்குள் கோயம்பேடு சேர வேண்டும். வண்டி ஒரு நாள் நின்றால் கீரை வாடிவிடும். பறித்த காய்க்கு விலை இருக்காது. வாடகைக்கு வேறு வண்டி பிடித்தால் சரக்கின் லாபம் வாடகையிலேயே கரைந்துபோகும்.

முன்பு இவ்வண்டிகளில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 எனப்படும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபின், பெட்ரோலிலும் சி.என்.ஜி. வாயுவிலும் ஓடும் சிறிய சரக்கு வண்டிகள் பெருகிவிட்டன. இவற்றின் எஞ்சினை ஒரு சிறிய கம்ப்யூட்டர் பெட்டி நடத்துகிறது. அந்தப் பெட்டிக்குக் கண்ணும் காதும் போல் பல சென்சார்கள் உண்டு. அவற்றில் காது போன்றது நாக் சென்சார்.

ஒரு நாள் ஓட்டுநரின் முன்னுள்ள பலகையில் மஞ்சள் நிற 'செக் எஞ்சின்' விளக்கு எரிகிறது. வண்டி ஓடத்தான் செய்கிறது. ஆனால் பாரம் ஏற்றிப் பாலம் ஏறும்போது இழுவை குறைகிறது. பெட்ரோல் அதிகம் பிடிக்கிறது. பட்டறையில் கருவியைப் பொருத்திப் பார்த்து, "நாக் சென்சார் கோளாறு" என்று சொல்கிறார்கள். இந்த இடத்தில் விவசாயிகள் இரண்டு விதமாக நஷ்டப்படுகிறார்கள். சிலர், வண்டிதான் ஓடுகிறதே என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். வேறு சிலர், 'நாக்' என்ற சொல்லைக் கேட்டு எஞ்சினுக்குள்ளேயே ஏதோ தட்டுகிறது என்று அஞ்சி, ஹெட்டைக் கழற்றவும் போரிங் செய்யவும் சம்மதித்துவிடுகிறார்கள். ஒரு கப்ளரில் படிந்த பச்சைக் களிம்புக்காக எஞ்சினையே பிரிப்பது, ஒற்றைத் தென்னையில் வண்டு விழுந்ததற்குத் தோப்பையே வெட்டுவது போன்றது.

தட்டல் என்பது என்ன?

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக்கின் பொறியால் பற்றவைக்கப்படுகிறது. தீ பிளக்கில் தொடங்கி, புல்வெளியில் நெருப்பு ஊர்வது போல, ஒழுங்காக மறுகோடி வரை பரவ வேண்டும். அவ்வாறு பரவி வருவதற்குள், மறுகோடியில் மிஞ்சியிருக்கும் கலவை சூட்டினாலும் அழுத்தத்தினாலும் தானாகவே ஒரே நொடியில் வெடித்துப் பற்றிக்கொண்டால், அதிலிருந்து எழும் அழுத்த அலை சிலிண்டரின் சுவரில் மோதி அதிர்கிறது. இதுவே நாக்கிங் எனப்படும் தட்டல். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற் போன்ற ஒலி வரும். நீண்ட நாள் நீடித்தால் பிஸ்டன் அரிக்கப்படும், ரிங் உடையும், ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

தரம் குறைந்த அல்லது மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல், எஞ்சின் அதிகச் சூடாதல், சிலிண்டரில் கரி படிதல், பெரிய கியரிலேயே பாரத்தை இழுத்தல் ஆகியவை தட்டலை உண்டாக்கும். இந்தத் தொல்லை மோட்டார் வண்டியின் தொடக்க காலத்திலிருந்தே உண்டு. 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் தட்டல் அடங்கும் என்று கண்டார். உலகமே அந்த ஈயப் பெட்ரோலை எரித்து, அதன் நஞ்சை மூச்சில் வாங்கியது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில்தான் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. இன்று அந்த வேலையின் ஒரு பகுதியை எத்தனால் செய்கிறது. 2025ஆம் ஆண்டில் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலுக்குத் தட்டலைத் தாங்கும் தன்மை பெட்ரோலைவிட அதிகம். படாளத்திலுள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் விவசாயி, கரும்பும் சோளமும் அரிசியும் இப்போது எஞ்சினுக்குள் போய் என்ன செய்கின்றன என்பதையும் அறிந்திருப்பது நல்லதே. ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். ஆகவே மழைக்காலத்தில் டேங்க் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சென்சார் எவ்வாறு வேலை செய்கிறது?

சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் உண்டாகும் என்பதை 1880ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். வீட்டில் கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் 'டக்' என்று அழுத்தியதும் பொறி பறப்பது இந்தத் தத்துவத்தினால்தான். நாக் சென்சாரின் உள்ளேயும் அவ்வகைப் பீங்கான் வில்லை ஒன்று இருக்கிறது. சென்சார் எஞ்சின் பிளாக்கின் மீது போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பிளாக் அதிர்ந்தால் வில்லை நசுங்கி, மிகச் சிறிய மின்சாரத்தை உண்டாக்கும். தட்டலின் அதிர்வு நொடிக்கு ஆறாயிரம், ஏழாயிரம் தடவை என்ற அளவில் இருக்கும். எஞ்சினின் அளவைப் பொறுத்து இது கூடும், குறையும். கம்ப்யூட்டர் பெட்டி அந்த அதிர்வை மட்டும் பிரித்து அறிந்து, தட்டல் என்று தெரிந்தால் பொறி விழும் நேரத்தைச் சிறிது தாமதப்படுத்துகிறது. தட்டல் நின்றதும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இவ்வளவும் ஓட்டுபவருக்குத் தெரியாமலே நடக்கும்.

சென்சாரோ ஒயரோ கெட்டுவிட்டது என்பதைப் பெட்டி எவ்வாறு அறிகிறது? தட்டல் இல்லாத நேரத்திலும் எஞ்சின் அதிர்ந்துகொண்டுதான் இருக்கும். வேகம் கூடக் கூட அந்த அதிர்வும் கூட வேண்டும். வேகம் கூடியும் சென்சாரிலிருந்து சலசலப்பே வரவில்லையெனில், காது கேட்கவில்லை என்று பெட்டி முடிவு செய்து விளக்கை எரியவிடுகிறது. அதன்பின், தட்டல் வந்தாலும் தெரியப்போவதில்லை என்பதால், முன்னெச்சரிக்கையாகப் பொறி நேரத்தை நிரந்தரமாகத் தாமதப்படுத்தி வைத்துக்கொள்கிறது. இழுவை குறைவதும் பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதும் இதனால்தான்.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 14 கிலோமீட்டர் கொடுப்பதாகவும், சந்தைக்குப் போகவர 160 கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 1.4 லிட்டர் கூடுதலாகச் செலவாகும். மாதம் 20 பயணங்களுக்கு 28 லிட்டருக்கு மேல். விளக்கு எரிவதைக் கண்டும் காணாமல் விடுவதன் விலை இது.

எல்லா ஓசையும் நாக்கிங் அல்ல

பாரத்துடன் ஏறும்போதோ, பெரிய கியரில் திடீரென ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதோ கூழாங்கல் ஒலி எழுந்து, மிதியைத் தளர்த்தியதும் நின்றுவிட்டால் அது உண்மையான தட்டல். வண்டி நிற்கும்போதும், காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதும் 'டிக் டிக்' என்று வேகத்துக்கு ஏற்பக் கேட்பது பெரும்பாலும் டேப்பட் ஓசை. அடியிலிருந்து கனமாக 'தொம் தொம்' என்று வருவது பேரிங் தேய்மானமாக இருக்கலாம். அப்போது ஆயில் விளக்கையும் ஆயில் அளவையும் உடனே பார்க்க வேண்டும். வண்டியை ஓட்டக் கூடாது. டீசல் எஞ்சின் இயல்பாகவே தட்டும் ஓசையுடன்தான் ஓடும். விவசாயிகளிடமுள்ள டிராக்டர்களிலும் டீசல் பம்பு செட்டுகளிலும் பொதுவாக நாக் சென்சார் கிடையாது. அவற்றின் ஓசைக்கு இன்ஜெக்டர், பம்பு டைமிங் போன்றவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாக் சென்சார் சர்க்யூட் கோளாறு என்றால் எஞ்சின் தட்டுகிறது என்று பொருள் அல்ல. எஞ்சின் தட்டினால் பெட்டிக்குத் தெரியாது என்பதே பொருள். எந்த ஓசையும் இல்லாமல் விளக்கு மட்டும் எரிந்தால், எஞ்சினைக் கழற்றுவதற்குக் காரணமே இல்லை.

விளக்கு நிலையாக எரிந்தால் மிதமான வேகத்தில், பாரத்தைக் குறைத்து, வீடு வந்து சேரலாம். விட்டு விட்டுக் கண் சிமிட்டினால் அது வேறு. சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போகிறது என்று பொருள். அப்போது வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட வேண்டும்.

கடற்கரையின் உப்பும் களத்து எலியும்

கோவளம் முதல் மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாகச் செய்யூர்க் கழி வரை உள்ள கடலோரக் கிராமங்களில் இந்தப் பழுதுக்கு இரண்டு காரணங்களை முதலில் சந்தேகிக்க வேண்டும். முதலாவது உப்பு. கடற்காற்றில் வரும் உப்புத் துளிகள் கப்ளருக்குள் இறங்கி, பித்தளை, செம்பு முனைகளில் பச்சைக் களிம்பை உண்டாக்குகின்றன. மற்ற விளக்கு, ஹாரன் ஒயர்களில் இதனால் உடனே தொல்லை தெரியாது. நாக் சென்சார் உண்டாக்கும் மின்சாரமோ மிகமிகச் சிறியது. இரண்டு முனைகளுக்கும் இடையே உப்பு ஈரம் இருந்தால், அந்தச் சிறிய மின்சாரம் வழியிலேயே கசிந்துபோகும்; வாய்க்கால் உடைப்பில் கடைமடைக்குத் தண்ணீர் சேராதது போல. வண்டியைக் காலையில் காய்கறிக்கும் மாலையில் மீனுக்கும் பயன்படுத்துவோர், மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்பு நீர் எங்கே சொட்டுகிறது என்று பார்த்துவைக்க வேண்டும். பல சிறிய வண்டிகளில் எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், சாலையில் தேங்கிய நீரும் எளிதில் தெறிக்கும்.

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் போன்ற புயல்களின்போது இத்தொல்லை அதிகம். தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டுப் பார்க்கவே கூடாது. முதலில் பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்ற வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால், அழுத்தமின்றிக் கழுவி, கப்ளர்களைத் திறந்து காயவிட்ட பின்பே மற்ற வேலை.

இரண்டாவது காரணம் எலி. சம்பா, நவரை அறுவடைக்குப் பின் வயலில் தீனி குறையும்போது எலிகள் வீட்டுப் பக்கம் வருகின்றன. இரவில் சூடாக இருக்கும் எஞ்சின் அவற்றுக்கு நல்ல புகலிடம். ஒயரின் மேலுறையைக் கடிப்பது எலிக்குப் பல் தீட்டும் வேலை. நெல் மூட்டை, கடலை மூட்டை அடுக்கிய கொட்டகையிலேயே வண்டியையும் நிறுத்துவோர் வீட்டில் இது அடிக்கடி நடக்கும். எஞ்சின் அருகில் எலிப் புழுக்கை, வைக்கோல் துண்டு, உமி ஆகியவை தென்பட்டால் ஒயர் முழுவதையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

முதலில் எண்ணைக் கேளுங்கள்

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால், ஸ்டியரிங்கின் கீழுள்ள சாக்கெட்டில் ஸ்கேனர் கருவியைச் செருகிப் பழுது எண்ணைப் படிக்கலாம். 'பி0325' என்பது நாக் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு. 'பி0326' என்பது சிக்னல் இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தபடி இல்லை. 'பி0327' சிக்னல் மிகக் குறைவு. 'பி0328' சிக்னல் மிக அதிகம். 'பி0329' விட்டு விட்டு வருகிறது. இரண்டாவது நாக் சென்சார் உள்ள பெரிய வண்டிகளில் அதற்கு 'பி0330' முதல் எண்கள் உண்டு. சிறிய சரக்கு வண்டிகளில் பொதுவாக ஒரே சென்சார்தான்.

பட்டறையில் இந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு, பழுது பதிவான நேரத்தில் எஞ்சின் வேகம், சூடு, பாரம் எவ்வளவு இருந்தன என்பதும் பெட்டியில் பதிந்திருக்கும். அதையும் குறித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். பல இடங்களில் கருவியைச் செருகியதும் எண்ணை அழித்துவிட்டு, "விளக்கு அணைந்துவிட்டது, போய் வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். எண்ணை அழித்தால் துப்பும் அழிந்துபோகும். அடுத்த வாரம் கோயம்பேடு போகும் வழியில் விளக்கு மறுபடியும் எரியும்.

எண் ஒரு பாகத்தை மாற்றச் சொல்லும் உத்தரவு அல்ல. எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே. சென்சார், கப்ளர், ஒயர், பிளாக்கில் இறுக்கிய போல்ட், கம்ப்யூட்டர் பெட்டி ஆகிய ஐந்தும் அந்தத் தெருவில்தான் இருக்கின்றன. குறைந்த செலவில் பார்க்கக் கூடியதை முதலிலும், அதிகச் செலவுள்ளதைக் கடைசியிலும் பார்ப்பதே முறை. நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சோதிக்கும் முறை

முதல் வேலைக்குக் கருவியே தேவையில்லை. பழுது எப்போது தொடங்கியது என்று நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். புதிய பங்கில் பெட்ரோல் போட்டபின்பா, மழையில் ஓடியபின்பா, எஞ்சினை அழுத்தத் தண்ணீரில் கழுவியபின்பா, அல்லது வேறு ஏதோ பழுது பார்த்துத் திரும்பியபின்பா? கடைசியாகச் சொன்னது என்றால், அந்த வேலையின்போது கப்ளரைச் சரியாகச் செருகாமல் விட்டிருக்கலாம். ஒயர் ஏதாவது பிராக்கெட்டின் அடியில் நசுங்கியிருக்கலாம்.

அடுத்து, எஞ்சின் குளிர்ந்தபின் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிட்டு, சென்சாரின் கப்ளரைத் திறந்து பார்க்க வேண்டும். சென்சார் பெரும்பாலும் பிளாக்கின் நடுவில், காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதிக்குக் கீழே மறைந்திருக்கும். நடுவில் ஓட்டையுள்ள வடை போன்ற வடிவம். அந்த ஓட்டை வழியாக ஒரே போல்ட். இரண்டு ஒயர்கள் போகும். கப்ளரின் பூட்டு உடைந்திருக்கிறதா, ரப்பர் வளையம் இருக்கிறதா, முனைகளில் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா, பெண் முனை அகன்று தளர்ந்திருக்கிறதா என்று டார்ச் விளக்கில் பார்க்க வேண்டும். களிம்பு இருந்தால், மின் இணைப்புகளுக்கென்று விற்கும் ஸ்பிரேயும் மென்மையான பிரஷும் கொண்டு சுத்தம் செய்யலாம். உப்புத் தாள் போட்டுத் தேய்த்தால் முனைகளின் மேல்பூச்சு போய், களிம்பு முன்னைவிட விரைவாக ஏறும். மண்ணெண்ணெய், டீசல் கூடாது.

கப்ளர் சுத்தமாக இருந்தால் ஒயரைச் சோதிக்க வேண்டும். இது எலெக்ட்ரீஷியன் செய்யும் வேலை. ஆனால் சரியாகச் செய்கிறாரா என்று உரிமையாளர் அருகில் நின்று பார்க்கலாம். சென்சார் முனையிலும் கம்ப்யூட்டர் பெட்டி முனையிலும் கப்ளர்கள் கழற்றப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓரிரு ஓமுக்கு மேல் காட்டக் கூடாது. ஒரு ஒயருக்கும் மற்றொன்றுக்கும் இடையிலும், ஒயருக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலும் இணைப்பே இருக்கக் கூடாது. மீட்டரைப் பிடித்தபடியே ஒயரை அங்கங்கே அசைத்து வளைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே கம்பி அறுந்து, உறை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இடம் அசைக்கும்போதுதான் அகப்படும். சைலன்சர் குழாய்க்கு அருகே போகும் பகுதியில் உறை உருகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சில வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டி இந்த ஒயரில் ஒரு சிறிய மின்னழுத்தத்தை எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கும். அவ்வண்டிகளில் பேட்டரியை மீண்டும் இணைத்து, சென்சாரைக் கழற்றிய நிலையில் சாவியைப் போட்டு, கப்ளரில் அந்த மின்னழுத்தம் வருகிறதா என்று பார்க்கலாம். எத்தனை வோல்ட் என்பது கம்பெனியின் பழுது பார்க்கும் கையேட்டில் இருக்கும். டெஸ்ட் லாம்ப் எனப்படும் பல்பு வைத்த கம்பியை மட்டும் இந்த ஒயர்களில் தொடவிடக் கூடாது. பல்பு இழுக்கும் மின்சாரம் கம்ப்யூட்டர் பெட்டியைக் கெடுத்துவிடலாம். அதன் விலையோ சென்சாரின் விலையைப் போல் பல மடங்கு.

இனி சென்சார். இங்கேதான் நல்ல சென்சார்கள் வீணாகத் தூக்கி எறியப்படுகின்றன. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, "ஒன்றுமே காட்டவில்லை, போய்விட்டது" என்று சொல்வது வழக்கம். சில கம்பெனிகளின் சென்சாரில் உள்ளேயே ஒரு மின்தடை இருக்கும்; அதில் லட்சம் ஓம், ஐந்து லட்சம் ஓம் என்பது போன்ற அளவு காட்ட வேண்டும். வேறு பலவற்றில் அது இல்லை. அவற்றில் பத்து லட்சம் ஓமுக்கு மேல் காட்டுவதும், ஒன்றும் காட்டாமல் இருப்பதும் இயல்பே. ஆகவே கையேட்டைப் பார்க்காமல் ஓம் அளவை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எந்த வகையானாலும் பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் மட்டும் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது என்று துணிந்து சொல்லலாம். இத்தனை பெரிய ஓம்களை அளக்கும்போது மீட்டர் முனைகள் இரண்டையும் விரலால் பிடித்துக்கொள்ளக் கூடாது. மனித உடலின் மின்தடையையும் மீட்டர் சேர்த்து அளந்து தவறான எண்ணைக் காட்டும்.

இதைவிட நம்பகமானது தட்டிப் பார்க்கும் சோதனை. மீட்டரை ஏ.சி. மில்லிவோல்ட் நிலையில் வைத்து, சென்சாரின் இரு முனைகளிலும் இணைத்து, சென்சாருக்கு அருகே பிளாக்கின் மீது சிறிய ஸ்பேனரால் மெதுவாகப் பல முறை தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டலுக்கும் மீட்டரின் எண் துள்ள வேண்டும். அந்தத் துள்ளல் கணநேரமே இருக்கும் என்பதால் கண்ணை மீட்டரிலேயே வைத்திருக்க வேண்டும். எத்தனை தட்டினாலும் அசைவே இல்லையெனில் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஐயமிருந்தால், பக்கத்துக் கிராமத்தில் அதே வகை வண்டி வைத்திருப்பவரின் சென்சாரிலும் இதே சோதனையைச் செய்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். சென்சாரின் மீதே தட்டக் கூடாது. உள்ளே இருப்பது பீங்கான், விரிசல் கண்டுவிடும். கீழே விழுந்த புதிய சென்சாரையும் இதே காரணத்துக்காகப் பொருத்தக் கூடாது.

சென்சாரும் ஒயரும் கப்ளரும் சரியாக இருந்து, பழுது மட்டும் நீடித்தால்தான் கம்ப்யூட்டர் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். அது மிக அரிது.

பொருத்துவதில் கவனம்

நல்ல சென்சாரும் தவறாகப் பொருத்தினால் செவிடாகிவிடும். பிளாக்கின் உலோகமும் சென்சாரின் உலோகமும் நேருக்கு நேர் ஒட்டியிருந்தால்தான் அதிர்வு ஏறும். நடுவில் வாஷர், பெயிண்ட், துரு, கிரீஸ், கேஸ்கெட் பசை எதுவும் இருக்கக் கூடாது. உப்புக் காற்றுப் பகுதியில் இந்த இடத்தில் துரு ஏறியிருப்பது சாதாரணம். அதைத் துடைத்து, மட்டமாக்கி, பிறகு பொருத்த வேண்டும்.

போல்ட்டை இறுக்கும் அளவும் முக்கியம். நடுவில் ஓட்டையுள்ள வகைக்குப் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்கு வேண்டும். ஓரடி நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் முறுக்கு இது. குறைவாக இறுக்கினால் சென்சார் தளர்ந்து வீண் சத்தத்தைக் கேட்கும், அல்லது ஒன்றும் கேட்காது. "கையில் இருக்கும் பலம் முழுவதையும் காட்டு" என்று இறுக்கினால் பீங்கான் நசுங்கும். டார்க் ரெஞ்சு உள்ள பட்டறையில் இதைச் செய்துகொள்வது நலம். மறைமலைநகரில் 2022 வரை ஃபோர்டு கார்கள் தயாராயின. மகேந்திரா சிட்டியில் இன்றும் பி.எம்.டபிள்யூ. கார்கள் பூட்டப்படுகின்றன. ஒவ்வொரு போல்ட்டையும் அளந்து முறுக்கும் தொழிற்சாலைகள் அமைந்த மாவட்டத்தில், கிராமத்துப் பட்டறைகளுக்கு மட்டும் அந்த ஒரு கருவி இன்னும் போய்ச்சேராதது வியப்பே.

எலி கடித்த ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குத் தாங்காது. ஈயப் பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டு மூட வேண்டும். பல வண்டிகளில் இந்த ஒயரைச் சுற்றிக் கம்பி வலை ஒன்று இருக்கும். பிளக் ஒயர்களிலிருந்து வரும் மின் இரைச்சல் சென்சார் சிக்னலில் கலக்காமல் தடுப்பது அதுதான். அதை வெட்டி எறியாமல் மறுபடியும் இணைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சிக்னல் தாறுமாறாகிப் புதிய எண்ணுடன் விளக்கு எரியும்.

விளக்கு பல்பைக் கழற்றிவிடுதல், ஒரு ரெசிஸ்டரைச் செருகிப் பெட்டியை ஏமாற்றுதல் ஆகிய குறுக்கு வழிகளும் சில இடங்களில் சொல்லப்படுகின்றன. கோடையில் தர்பூசணிப் பாரத்துடன் எஞ்சின் உண்மையிலேயே தட்டத் தொடங்கும் நாளில், அதைக் கேட்கக் காது இருக்காது. பிஸ்டன் செலவை அப்போது ரெசிஸ்டர் கொடுத்தவர் ஏற்கமாட்டார்.

வேலை முடிந்தபின்

எண்ணை அழித்துவிட்டு, வண்டியை நன்றாகச் சூடாக்கி, சிறிது பாரத்துடன் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் உறுமவிட்டுப் பார்ப்பது போதாது. பல வண்டிகளில் பாரமும் வேகமும் இருந்தால்தான் பெட்டி இந்தச் சோதனையையே செய்யும். எண்ணை அழிக்காமல் விட்டாலும், பழுது நீங்கியிருந்தால் பொதுவாக மூன்று பயணங்களுக்குள் விளக்கு தானே அணையும். பழைய எண் பெட்டியின் நினைவிலிருந்து நீங்க, நாற்பது தடவை எஞ்சின் குளிர்ந்து சூடாக வேண்டியிருக்கும்.

மாற்றிய பழைய சென்சாரைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கி, தேதி, கிலோமீட்டர், பழுது எண் ஆகியவற்றை வண்டிப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். விளக்கு அதே எண்ணுடன் திரும்பவும் எரிந்தால், இன்னொரு புதிய சென்சார் வாங்குமுன், ஒயரை அசைத்துப் பார்க்கும் சோதனையை எஞ்சின் ஓடி நின்ற சூட்டிலேயே, கை சுடாதபடி துணி சுற்றிக்கொண்டு, மறுபடியும் செய்யச் சொல்ல வேண்டும். சூட்டில் மட்டும் விட்டுப்போகும் இணைப்பு, காலையில் குளிர்ந்த எஞ்சினில் பார்க்கும்போது அகப்படாது.